நிழல் தோட்டத்தில் ஹெலபோர் வளர்ப்பது எப்படி?

இங்கிலாந்தில் வெயில் அதிகம் விழாத, வடக்குப் பார்த்த தோட்டம் அமைந்துவிட்டால், "இங்கே என்ன வளரும்?" என்று பலரும் சரளைக் கல்லைக் கொட்டி மூடிவிடுகிறார்கள். ஹெலபோரை ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு அப்புறம் கல்லைப் பற்றி யோசிக்கலாம். மற்ற செடிகள் முடங்கிக் கிடக்கும் குளிர்காலத்தில்தான் இது பூக்கும். குளிர் இல்லாமல் இதற்கு ஆகாது. சென்னை, யாழ்ப்பாண வெயிலுக்கு இது வேண்டாத வேலை.

1. செடி வாங்குவது

கடைகளில் 'கிறிஸ்துமஸ் ரோஜா' என்று விற்கும் வெள்ளைப் பூச்செடி பார்க்க அழகுதான், ஆனால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் 'லென்டன் ரோஜா' எனப்படும் கலப்பினத்தை வாங்குங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பூக்கும். பெயர்தான் ரோஜா, இரண்டுமே ரோஜாக் குடும்பம் கிடையாது.

பிப்ரவரியில், பூத்திருக்கும்போதே வாங்குவது நல்லது. விதையில் வளர்ந்த செடிகள் ஒன்றுபோல இருக்காது. பூ தலை கவிழ்ந்திருக்கும். விரலால் நிமிர்த்திப் பாருங்கள். நடுவில் மகரந்தத் தாள்களைச் சுற்றி, சின்னஞ்சிறு பச்சைக் குழல்கள் வட்டமாக நிற்கும். தேன் இருப்பது அவற்றில்தான். இந்தச் செடியின் உண்மையான இதழ்களும் அவைதான். நாம் இதழ் என்று நினைப்பது புல்லி, அதாவது பூவின் வெளி உறை. அதனால்தான் பூ வாரக்கணக்கில் உதிராமல் நிற்கிறது.

2. இடம்

இலையுதிர் மரத்தடி மிகப் பொருத்தம். குளிர்காலத்தில் மொட்டைக் கிளைகளின் ஊடே வெளிச்சம் கிடைக்கும், கோடையில் நிழல். எப்போதும் இருட்டாக இருக்கும் ஊசியிலை மரத்தடியில் இலைதான் மிஞ்சும். சரிவோ மேட்டுப்பாத்தியோ இருந்தால் இன்னும் நல்லது, கவிழ்ந்த பூவைக் கீழிருந்து பார்க்கலாம்.

3. நடுவது

பல செடிகள் சாவது இந்தக் கட்டத்தில்தான். வேர்ப்பந்தைப் போல இரண்டு மடங்கு அகலமாகக் குழி தோண்டி, எடுத்த மண்ணோடு இலைமட்கைக் கலந்துகொள்ளுங்கள். லண்டன் பக்கத்துக் களிமண் என்றால் குழிக்குள் தண்ணீர் தேங்கும். அங்கே மண்ணை மேடாக்கி அதன் மேல் நடுங்கள். தொட்டியில் தூர் எந்த மட்டத்தில் இருந்ததோ, நிலத்திலும் அதே மட்டம். ஒரு விரல்கடை ஆழம் கூடினாலும் தூர் அழுகலாம், பூவும் குறையும். செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளி. முதல் கோடையில் மட்டும் மண் காயாமல் தண்ணீர் விடுங்கள். மண்ணின் மேல் மட்கு பரப்பி மூடாக்குப் போடும்போதும் தூரின் மேல் குவிக்க வேண்டாம்.

4. டிசம்பரில் இலை வெட்டுவது

நன்றாக இருக்கும் இலையை வெட்ட யாருக்கும் மனசு வராது. ஆனாலும் வெட்டுங்கள். நடுவில் மொட்டு முனை தெரியும் சமயத்தில், பழைய இலைகளை அடியோடு எடுத்துவிட வேண்டும். இலைப்புள்ளி நோய்ப் பூஞ்சை அந்த இலைகளில்தான் தங்கியிருந்து புதுத் துளிருக்கும் பூவுக்கும் தாவும். கரும்புள்ளி விழுந்த இலையை மட்குக் குழியில் போடாமல் குப்பையில் போடுங்கள்.

ஒரு விதிவிலக்கு: உயரமான தண்டின் நுனியில் பச்சைப் பூ விடும் வகைகளில் இப்படி வெட்டினால் அந்த வருடப் பூ போச்சு. அவற்றில் பூத்து முடித்த தண்டை மட்டும் அப்புறம் எடுக்கலாம்.

கையுறை கட்டாயம். செடி முழுவதும் நஞ்சு, சாறு பட்டால் தோல் எரியும். முயலும் மானும் சீண்டாததற்கும் அதுதான் காரணம். குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டில் கவனம் தேவை.

5. நோய்

இலை நரம்பு வழியாகக் கருப்புக் கோடுகள் ஓடி, செடி குறுகிப்போனால் அது வைரஸ், அசுவினிப் பூச்சி பரப்புவது. மருந்து கிடையாது. தயங்காமல் வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

6. விதை

மே, ஜூனில் காய் வெடிக்கும். விதையைக் காயவைத்துப் பத்திரப்படுத்தாமல் உடனே தொட்டியில் விதைத்து வெளியிலேயே விடுங்கள். கோடையின் சூடும் அடுத்து வரும் குளிரும் பட்ட பிறகுதான் முளைக்கும். பூக்க மூன்று வருடம் வரை ஆகலாம், தாய்ச்செடியின் நிறம் வரும் என்ற உறுதியும் இல்லை. அதே நிறம்தான் வேண்டும் என்றால், நன்கு வளர்ந்த செடியைச் செப்டம்பரில் தோண்டி, தூரைப் பிரித்து நடுங்கள்.