குன்னூர்ப் பக்கம் வீடு வாங்கப் போகிறீர்களா? வியூவை அப்புறம் பார்க்கலாம்

குன்னூர், அருவங்காடு, எடப்பள்ளி, உபதலை, கேத்தி என்று இந்தப் பக்கம் வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தில்தான் வருகிறார்கள். கோயம்புத்தூரில் வெயில் கொளுத்தும்போது மலையேறி, புரோக்கர் பால்கனியில் நிற்கவைத்து எதிரே டீத்தோட்டத்தைக் காட்டினால் யாருக்குமே அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடத்தான் தோன்றும். அந்த மாதத்தில் இங்கே எல்லா வீடும் நல்ல வீடுதான். நிஜமாகப் பார்க்க வேண்டியது அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை, குடையோடு. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போய்ப் பாருங்கள், அங்கே தென்மேற்குதான் கொட்டும்.

மழையில் எதைப் பார்ப்பது? உங்கள் வீட்டை அல்ல, அதற்கு மேலே இருப்பதை. மேல் வீட்டுக் கூரைத் தண்ணீர், மேல் ரோட்டின் சாக்கடை, தோட்டத்திலிருந்து இறங்கும் ஓடை எல்லாம் எங்கே வந்து சேருகின்றன என்று நடந்தே பாருங்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது, அந்தச் சில நாட்களில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓடையை அடைத்துக் கட்டிய இடம், மரத்தை வெட்டி மொட்டையாக்கிய சரிவு, செங்குத்தாக வெட்டிச் சுவர் எழுப்பாமல் விட்ட மண், இவைதான் இப்படி மழை வரும்போது முதலில் கவலை தருபவை. மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயமுள்ளவை என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் இடம் அதில் வருகிறதா என்று தாலுகா ஆபீஸில் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள், அவர் "அதெல்லாம் அந்தப் பக்கம் சார்" என்றுதான் சொல்வார்.

அடுத்தது தடுப்புச்சுவர். மலையில் வீட்டை விட முக்கியமானது இதுதான், விலை பேசும்போது யாரும் பேசாததும் இதுதான். சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் விட்டிருக்கிறார்களா, விட்டிருந்தால் மழை நாளில் அவற்றில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஓட்டையே இல்லாத சுவரும், ஓட்டை அடைத்துப்போய்ப் பாசி பிடித்த சுவரும் பின்னால் தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொண்டு நிற்கின்றன என்று அர்த்தம். நடுவில் வயிறு தள்ளியிருந்தால், படுக்கைவாட்டில் விரிசல் ஓடியிருந்தால், அந்த வீட்டைக் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் தொடாதீர்கள். மேலே உள்ள சுவர் உங்களுடையதா, மேல் வீட்டுக்காரருடையதா என்பதும் பத்திரத்தில் தெரிய வேண்டும், ஏனென்றால் விழுந்தால் விழுவது உங்கள் வீட்டின் மேல், கட்ட வேண்டியது அவர், அவர் சென்னையில் இருப்பார்.

வீட்டுக்குள் போனால், பெரும்பாலான வீடுகள் மலையை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணை மறுபக்கம் கொட்டிச் சமன் செய்த இடத்தில் நிற்பவை. வெட்டிய பக்கம் கெட்டி, கொட்டிய பக்கம் மெதுவாக அமுங்கும். இரண்டும் சேரும் இடத்தில் சுவரில் சாய்வாக ஒரு விரிசல் இருக்கும். வீட்டுக்காரர் அப்போதுதான் பெயின்ட் அடித்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கதவுகள் ஒழுங்காக மூடுகின்றனவா என்று ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள், அது பெயின்ட்டுக்குக் கீழே மறையாது. மலையை ஒட்டிய பின்சுவரில் அலமாரி சாத்தி வைத்திருந்தால் நகர்த்தச் சொல்லுங்கள், ஓதம் அதன் பின்னால்தான் இருக்கும்.

வழி. இங்கே பல வீடுகளுக்கு ரோடு கிடையாது, ரோட்டிலிருந்து படிதான். கேஸ் சிலிண்டர், மணல், சிமென்ட், பீரோ, உடம்பு முடியாத அப்பா, எல்லாம் அந்தப் படியில்தான் ஏறி இறங்க வேண்டும், தலைச்சுமைக் கூலி சேர்ந்தால் சின்ன மராமத்துக்கூட சமவெளியில் ஆவதைவிட நிறைய இழுக்கும். வண்டி போகும் வழி இருந்தாலும் அது யாருடைய நிலத்தில் போகிறது என்று பாருங்கள். "இத்தனை வருஷமா இப்படித்தான் போறோம்" என்பது போதாது, வழிப்பாத்தியம் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும், அகலத்தோடு.

தண்ணீர் விஷயத்தில் வெளியூர்க்காரர்களுக்கு நம்பிக்கையே வராது. இவ்வளவு மழை பெய்யும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா என்பார்கள். குன்னூர் டவுனுக்கு ரேலியா அணைத் தண்ணீர், எமரால்டு திட்டத் தண்ணீர் எல்லாம் இருந்தும் கோடையில் சில பகுதிகளில் பல நாள் இடைவெளி விட்டுத்தான் குழாயில் வரும். சமவெளி மாதிரி நினைத்தபோது போர் போட்டுக்கொள்ளவும் முடியாது, நீலகிரியில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் கூரைத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி எவ்வளவு பெரியது, தண்ணி லாரி வீட்டுக்கு எவ்வளவு அருகில் வர முடியும் என்று கேளுங்கள். அக்கம்பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே கேட்டால் உண்மை வந்துவிடும்.

காகிதங்கள். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட வரைபடம் எல்லாம் எந்த ஊரிலும் பார்ப்பவைதான், அதை ஒரு உள்ளூர் வக்கீல் பார்க்கட்டும். மலைக்கு மட்டும் உரியவை வேறு. நீலகிரி முழுக்க மலைப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது, இங்கே எல்லோரும் 'ஹாக்கா' என்பார்கள். டீத்தோட்டத்தைக் கூறுபோட்டு "வியூ பிளாட்" என்று விற்பவர்கள் அந்த அனுமதியைக் காட்ட முடியவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக்கூடாது. கட்டி முடித்த வீடு வாங்கினால் அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக ஒப்பிடுங்கள், கீழே சத்தமில்லாமல் சேர்த்த ஒரு தளம் இருக்கும். அனுமதியில்லாத கட்டடத்துக்குச் சீல் வைப்பது இங்கே புதிய செய்தி இல்லை. மண் வெட்டப் பொக்லைன் கொண்டுவரவும், மரம் வெட்டவும் தனித்தனி அனுமதி வேண்டும், "வாங்கிட்டு அப்புறம் வெட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வெலிங்டனில் கன்டோன்மென்ட் எல்லைக்குள் வரும் இடங்களில் நிலம் ராணுவத்துடையதா, தனியாருடையதா என்று இருமடங்கு கவனமாகப் பாருங்கள். கூடலூர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று போனால் அது 1969ஆம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தில் சிக்கிய 'செக்‌ஷன் 17' நிலமாக, அதாவது உரிமை யாருக்கு என்று இன்னும் தீராத நிலமாக இருக்கலாம். பட்டா கிடைக்காத அந்த நிலம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

எல்லாம் சரி, வாழ்வது எப்படி? முதலில் சொல்ல வேண்டியது ஓதம். காலை வெயில் விழும் கிழக்குச் சரிவு வீட்டுக்கும், பகல் முழுக்க நிழலில் கிடக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் நவம்பரில் துணி காயப்போட்டால் தெரியும். தோல் செருப்பு, புத்தகம், கம்பளி எதிலும் பூஞ்சை பூக்கும். குளிர் பழகிவிடும், ஈரம் பழகாது. காட்டெருமை இங்கே தெருவிலேயே நடக்கும், இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் படி இறங்காதீர்கள். கோத்தகிரிப் பக்கம் கரடியும் உண்டு, சாப்பாட்டுக் குப்பையை வெளியே வைக்காதவரை பெரிதாகத் தொல்லை இல்லை. காற்றடித்தால் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) கம்பியில் விழும், கரண்ட் போகும், இன்வெர்ட்டர் கட்டாயம். சீசனில் டவுனுக்குப் போய்ப் பால் வாங்கி வருவதற்கே ஒரு காலை போய்விடும், அதை ஏற்கெனவே குடியிருப்பவர்கள் உங்களிடம் சலிப்போடு சொல்வார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதய நோய், பக்கவாதம் மாதிரி அவசரத்துக்கு எங்கே போவது என்று முன்கூட்டியே யோசியுங்கள். ஊட்டியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கோயம்புத்தூர் என்றால் சுமார் 70 கி.மீ., அதில் பாதி மலைப்பாதை, மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் ஒரு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள். அதற்குப் பொறுமை இல்லை என்றால், கிரய ஒப்பந்தம் போடும்போது சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகுதான் மீதிப் பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். சரிவில் எல்லை தவறுவது சகஜம், நாடாவைத் தரையோடு பிடித்தால் ஒரு கணக்கு, மட்டமாகப் பிடித்தால் வேறு கணக்கு. பத்திரச் செலவுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள், தடுப்புச்சுவருக்கு இன்னொரு தொகையும்.