பிங் எங்கே தொலைகிறது? லினக்ஸ் ரூட்டரில் பழுது தேடுவது

பழைய கணினி ஒன்றில் இரண்டு நெட்வொர்க் கார்டு மாட்டி, லினக்ஸ் ஏற்றி, இரண்டு லோக்கல் நெட்வொர்க்குகளுக்கு நடுவே ரூட்டராக நிறுத்தியாகிவிட்டது. ஆனால் இந்தப் பக்கத்துக் கணினி அந்தப் பக்கத்தை எட்டவில்லை. இப்படிப்பட்ட பெட்டிகளைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அதற்குள் ஃபயர்வால் விதிகளைக் கலைத்துப் போட்டிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். எதிலும் கை வைப்பதற்கு முன், பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பேச வசதியாக, ரூட்டரின் முதல் கார்டான ஈத்0-வின் முகவரி 192.168.10.1, இரண்டாவதான ஈத்1-இன் முகவரி 192.168.20.1, இரண்டுமே 24 பிட் மாஸ்க் (முதல் மூன்று எண்களும் ஒன்றானால் ஒரே நெட்வொர்க்) என்று வைத்துக்கொள்வோம். 192.168.10.7 என்ற கணினி (சுருக்கமாக 10.7; மற்ற முகவரிகளையும் இப்படியே சொல்கிறேன்) 20.5-க்கு பிங் செய்கிறது, அதாவது "இருக்கிறாயா?" என்று கேட்டுப் பார்க்கிறது, பதில் இல்லை.

பலர் முதலில் 10.7-இலிருந்து 20.1-க்கு பிங் அடிப்பார்கள். பதில் வந்ததும் "ரூட்டர் வேலை செய்யுது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தப் பதிலை நம்பாதீர்கள். தன்னுடைய முகவரி எந்த கார்டில் இருந்தாலும், கேள்வி எந்த கார்டு வழியாக வந்தாலும், லினக்ஸ் பதில் சொல்லிவிடும். ஐபி ஃபார்வர்டிங் (ஒரு கார்டில் வந்ததை மற்றதில் அனுப்பும் வசதி) அணைந்திருந்தாலும் சொல்லும்.

சரி, 10.7-இல் பிங்கை ஓட விட்டுவிட்டு, ரூட்டரில் இரண்டு டெர்மினல் திறந்து, ஒன்றில் ஈத்0, மற்றதில் ஈத்1 என்று டிசிபிடம்ப் (கார்டு வழியே போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) போடுங்கள். ஐசிஎம்பி (பிங் போகும் நெறிமுறை), ஏஆர்பி (ஒரு ஐபி முகவரி எந்த கார்டுக்குரியது என்று கேட்பது) இரண்டையும் மட்டும் வடிகட்டினால் போதும். முகவரிகளை எண்ணாகவே காட்டச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பெயர் தேடிக்கொண்டு திரை நின்று நின்று வரும்.

ஈத்0-விலேயே பிங் தெரியவில்லையா? கோளாறு பெரும்பாலும் 10.7 பக்கம்தான். கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குப் போக எந்த ரூட்டரிடம் கொடுப்பது என்ற முகவரி) தவறாக இருக்கும், அல்லது மாஸ்க் 16 பிட்டாக இருக்கும். அப்படியானால் அது 20.5-ஐப் பக்கத்து வீடு என்று நினைத்து, "20.5 யார்?" என்று ஏஆர்பி-யில் கத்திக்கொண்டிருப்பதை ஈத்0-விலேயே பார்க்கலாம்.

ஈத்0-வுக்கு வந்தது ஈத்1-இல் வெளியேறவில்லை என்றால் பெட்டிக்குள் தேட வேண்டும். சிஸ்சிடிஎல்-இல் (கெர்னல் அமைப்புகளைப் பார்க்கும் கட்டளை) ஐபி ஃபார்வர்ட் மதிப்பு 1-ஆக இருக்கிறதா? அப்புறம் ஃபயர்வாலின் ஃபார்வர்ட் செயின், அதாவது பெட்டியைக் கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான விதி வரிசை. பெட்டியில் டாக்கர் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) இருந்தால் நான் நேரே இங்கேதான் வருவேன். அது பல சமயம் அந்த செயினின் இயல்பு விதியை டிராப் (வீசிவிடு) ஆக்கிவிடும். இரண்டும் சரியாக இருந்தால் ஆர்பி ஃபில்டர் (ஏஆர்பி அல்ல; பாக்கெட் சரியான வழியில் வந்ததா என்று பார்க்கும் கெர்னல் அமைப்பு): 1 என்றால், வந்த பாக்கெட்டுக்குத் திரும்பும் பாதை அதே கார்டு வழியாக இல்லையென்றால் சத்தமில்லாமல் வீசிவிடும். எல்லா கார்டுகளுக்கும் பொதுவான 'ஆல்' என்பதன் மதிப்பு, அந்தந்த கார்டின் மதிப்பு இரண்டில் எது பெரிதோ அதுதான் செல்லும்.

ஈத்1-இல் ஏஆர்பி கேள்வி மட்டும் திரும்பத் திரும்பப் போனால், 20.5 அணைந்திருக்கிறது அல்லது கேபிள் கழன்றிருக்கிறது.

நான் அதிகம் பார்ப்பது வேறு. பிங் ஈத்1 வழியாக ஒழுங்காகப் போகும், பதில் மட்டும் வராது. காரணம், 20.5-க்கு 10 நெட்வொர்க் எந்தத் திசையில் என்று தெரியாது. அதன் கேட்வே வேறொரு ரூட்டர். ரூட்டரில் இருந்தே பிங் செய்தால் பதில் வரும், ஏனென்றால் அப்போது அனுப்புவது 20.1. அதே பிங்கை 10.1 முகவரியிலிருந்து அனுப்புங்கள் (பிங்கில் பெரிய ஐ கொடுத்து முகவரியைச் சொல்ல வேண்டும்). பதில் நின்றுபோனால் திரும்பும் பாதை இல்லை என்பது அநேகமாக உறுதி. 20.5 விண்டோஸ் கணினியாக இருந்தால் அதன் ஃபயர்வாலையும் பாருங்கள். வேறு சப்நெட்டிலிருந்து வரும் பிங்கை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

இதற்குச் சிலர் மாஸ்கரேட் (அனுப்பியவர் முகவரியை ரூட்டரின் முகவரியாக மாற்றுவது) போட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அது பிடிக்காது. 20.5-இன் பதிவில் எல்லோரும் 20.1 என்றே தெரிவார்கள். 20 பக்கத்திலிருந்து தொடங்கும் இணைப்பு அப்போதும் போகாது. அந்தப் பக்கத்து கேட்வேயில், 192.168.10.0-க்கு 20.1 வழி என்று ஒரு ஸ்டேடிக் ரூட் போடுவது மேல். ஆனால் பதில் மட்டுமே அந்த கேட்வே வழியாகப் போவதால், அதன் ஃபயர்வால் பாதி உரையாடலைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, டிசிபி இணைப்புகளை வெட்டலாம். அப்படி நடந்தால் ரூட்டை நேரே 20.5-இலேயே போடுங்கள், கணினிகள் நிறைய இருந்தால் டிஹெச்சிபி-யின் (கணினிகளுக்கு முகவரி வழங்கும் சேவை) 121-ஆம் ஆப்ஷன் எல்லாவற்றுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பிங் நன்றாகப் போய், பெரிய ஃபைல் மட்டும் திணறினால் எம்டியூவைப் (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு) பாருங்கள்: துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 1472 பைட் பிங் அனுப்பினால், தலைப்புகளின் 28 பைட் சேர்ந்து 1500 ஆகும்; அது போகவில்லை என்றால் வழியில் எங்கோ எம்டியூ குறைவு.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஐபி ஃபார்வர்டை சிஸ்சிடிஎல் ஃபைலில் எழுதி, ஃபயர்வால் விதிகளையும் ரூட்டுகளையும் சேமித்து, ஆட்கள் வேலையில் இல்லாத நேரமாகப் பார்த்து ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். அதே பிங்கை மறுபடி 10.7-இலிருந்தே ஓட்டுங்கள், ரூட்டரிலிருந்து அல்ல.