வீட்டில் கட்டும் விமானத்துக்குச் சர்க்யூட் பிரேக்கர் தேர்ந்தெடுக்கும் முறை

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்காத மின்பொருள் இல்லை என்பார்கள். சிறிய விமானம் ஒன்றைத் தம் ஷெட்டில் கட்டிவரும் நண்பர் ஒருவர் அங்கிருந்து வீட்டு மின்பலகையில் வைக்கும் பிரேக்கரான 10 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றை வாங்கிவந்து, "லேண்டிங் லைட் (தரையிறங்கும்போது எரியும் விளக்கு) ஏழு ஆம்பியர்தானே எடுக்கும், இது போதுமல்லவா?" என்று கேட்டார். அவர் அந்த விளக்குக்கு இழுத்திருந்த வயரோ மெல்லிய 22 கேஜ் (கேஜ் எண் கூடக்கூட வயர் மெலியும்). விளக்கின் தேவையை அவர் கணக்கிட்டிருந்தார். வயரைக் கணக்கில் சேர்க்கவில்லை. மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டித்து (ட்ரிப் ஆகி) பிரேக்கர் காப்பது கருவியை அன்று, வயரை. ஆகவே முதலில் கருவியின் மின்னோட்டம், அடுத்து வயர், கடைசியில் பிரேக்கர் என்ற வரிசையிலேயே தேர்வு நடக்க வேண்டும்.

முதல் படி: கருவி எடுக்கும் மின்னோட்டத்தை எழுதிக்கொள்ளுங்கள். 14 வோல்ட் அமைப்பில் 100 வாட் விளக்கு ஏறக்குறைய 7.1 ஆம்பியர் எடுக்கும். ரேடியோ போன்றவற்றுக்குத் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: வயரைத் தேர்ந்தெடுங்கள். இதில்தான் பொறுமை வேண்டும். வயர் சூடாகாமல் இருந்தால் மட்டும் போதாது. வழியில் இழக்கும் மின்னழுத்தமும் வரம்புக்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து இயங்கும் கருவிக்கு 14 வோல்ட் அமைப்பில் அரை வோல்ட்டும், 28 வோல்ட் அமைப்பில் ஒரு வோல்ட்டும் அந்த வரம்பு. பேனலிலிருந்து விளக்குக்கு 4 மீட்டர் தூரம் என்றும், உலோக உடலே திரும்பும் பாதை என்றும் கொள்வோம். மீட்டருக்கு ஏறக்குறைய 0.0204 ஓம் தடை கொண்ட 18 கேஜ் வயரில் 0.58 வோல்ட் இழப்பு ஏற்படும், 0.0158 ஓம் கொண்ட 16 கேஜில் அது 0.45 வோல்ட்டாகக் குறையும். எனவே 16 கேஜ்தான் பொருத்தம். உடல் ஃபைபர் கிளாஸ் என்றால் திரும்பும் வயரையும் சேர்த்து 8 மீட்டர் ஆகிவிடும். அப்போது 14 கேஜும் போதாமல் 12 கேஜ் தேவைப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை: நான் சொல்லும் கேஜ் அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி. அளவு. நம் ஊர்க் கடைகளில் கேஜ் என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவான எஸ்.டபிள்யூ.ஜி.யைத்தான் எடுத்துக்கொள்வார்கள், அதில் அதே எண்ணுக்குத் தடிமன் வேறு. வீட்டு வயரின் பி.வி.சி. உறை எரியும்போது நச்சுப் புகை விடும் என்பதால், 150 பாகை செல்சியஸ் தாங்கும் டெஃப்செல் உறை கொண்ட விமான வயரையே வாங்குங்கள்.

மூன்றாம் படி: அந்த வயருக்குரிய பிரேக்கரைப் பாருங்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.யின் ஏ.சி. 43.13-1பி சுற்றறிக்கை தரும் அட்டவணைப்படி 22 கேஜுக்கு 5, 20-க்கு 7.5, 18-க்கு 10, 16-க்கு 15, 14-க்கு 20 ஆம்பியர். இவை உச்ச வரம்புகள். இவற்றைவிடச் சிறிய பிரேக்கரைப் போடலாம், பெரியதைப் போடக்கூடாது. நம் 16 கேஜ் வயருக்கு 15 ஆம்பியர் வரை இடம் இருந்தாலும், 7.1 ஆம்பியர் சுமைக்கு 10 ஆம்பியர் பிரேக்கரே போதும். பிரேக்கரின் அளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் தொடர்சுமை ஏற்றாமல் இருப்பது நல்ல பழக்கம். இல்லையேல் காரணமின்றி ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். கையேடு இதைவிடச் சிறிய பிரேக்கரைக் கேட்டால் அதற்கே கட்டுப்படுங்கள். பெரியதைக் கேட்டால் வயரைத் தடிமனாக்குங்கள்.

இஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் விஷயத்தில் பலர் தடுமாறுவார்கள். 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 60 ஆம்பியர் பிரேக்கர் போட்டால் முழுச் சுமையில் அது ட்ரிப் ஆகக்கூடும். அதைவிடப் பெரிய பிரேக்கரும் அதற்கேற்ற வயரும் வேண்டும். ஸ்டார்ட்டர் கேபிளுக்கு வழக்கமாகப் பிரேக்கர் வைப்பதில்லை. அதனால் அதைக் குட்டையாகவும் உராயாமலும் கொண்டுசெல்ல வேண்டும்.

எம்.சி.பி.க்கு வருவோம். அது வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரத்துக்கு அளவிடப்பட்டது, விமானத்தின் டி.சி.யில் அதன் காந்த ட்ரிப் அளவு (மின்னோட்டம் திடீரென எகிறும்போது துண்டிக்கும் அளவு) மாறிவிடும், இஞ்சின் அதிர்வுக்கும் அது சோதிக்கப்பட்டதன்று. கையால் இழுத்துத் துண்டிக்கக்கூடிய விமானப் பிரேக்கரை, மின்சாரம் பிரிந்து புறப்படும் உலோகப் பட்டையான பஸ்பாருக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகப் பொருத்துங்கள். நண்பர் எம்.சி.பி.யை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். 22 கேஜை உருவி 16 கேஜை இழுக்கத்தான், மூடிவிட்ட இறக்கையின் அடித்தகட்டை ரிவெட் ரிவெட்டாகக் கழற்ற வேண்டியிருந்தது.