செம்பனைத் தோட்டத்தில் டிரோன் பறக்கவிட அனுமதி பெறும் முறை

குளுவாங் வட்டாரத்தில் திருமணப் படம் எடுப்பவர்களும் செம்பனைக்கு மருந்து அடிப்பவர்களும் இன்று டிரோன் வைத்திருக்கிறார்கள். உரிமத்தை ஜொகூர் மாநில அரசிடம் கேட்பதா, நகராண்மைக் கழகத்திடம் கேட்பதா என்பதே பலரது குழப்பம். கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணை, வான் போக்குவரத்தைக் கூட்டரசின் பொறுப்பிலும் நிலத்தை மாநிலத்தின் பொறுப்பிலும் வைத்திருக்கிறது. ஆகவே பறப்பதற்கான அனுமதியைச் சிஏஏஎம் எனப்படும் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்திடமே கேட்க வேண்டும். ஏறி இறங்கும் நிலத்திற்குத் தோட்ட நிர்வாகியின் சம்மதக் கடிதம் போதும். பழைய குறிப்புகளில் டிசிஏ, அதாவது முன்பிருந்த விமானப் போக்குவரத்துத் துறை, என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 2018 முதல் அந்தப் பொறுப்பு சிஏஏஎம் வசம் உள்ளது.

முதல் படி, இடம். குளுவாங்கில் தரைப்படை விமானப் பிரிவின் மக்கோத்தா முகாம் இருப்பதால், உங்கள் தோட்டம் விமானத்தள வான்பகுதிக்குள் வருகிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். வந்தால் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.

இரண்டாவது படி, உயரம். எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். 2016ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்து விதிமுறைகள் அனுமதியின்றிப் பறக்க வைக்கும் உச்சவரம்பான 400 அடி, அதாவது ஏறத்தாழ 122 மீட்டர், டிரோனுக்கு நேர்கீழே உள்ள தரையிலிருந்து அளக்கப்படுவது. திரையில் தெரியும் எண்ணோ பெரும்பாலும் நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து அளக்கப்படுவது. மேட்டுப் பிரிவில் நின்று 100 மீட்டரில் கிளப்பி, அதற்கு 60 மீட்டர் தாழ்ந்த பள்ளத்தின்மேல் அதே மட்டத்தில் செலுத்தினால், திரை 100 என்றே காட்டும். உண்மை உயரம் 160. நிலமட்டத்தைக் கூகுள் எர்த்தில் பார்த்துக் குறித்துக்கொள்வதே என் வழக்கம். செயலியின் எண்ணை மட்டும் நம்புவதற்கில்லை.

மூன்றாவது படி, தூரம். படக்கருவி உள்ள டிரோன், உங்களுடன் தொடர்பில்லாத ஆட்கள், வாகனங்கள், கட்டடங்கள் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் விலகியிருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் இதைக் காப்பது கடினம். கோயில் திருவிழாவில் 1,000 பேருக்கு மேல் கூடினால் 150 மீட்டர். 249 கிராம் டிரோனுக்கு விலக்கு உண்டு என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். இந்த விதிகள் எடையைப் பிரிப்பது 20 கிலோவில்தான்.

நான்காவது படி, தொழில். கூலிக்குப் படமெடுக்கவும் மருந்து அடிக்கவும் தனி அனுமதி தேவை. அதற்கு முன்பாக, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் ஆர்சிஓசி எனப்படும் டிரோன் ஓட்டுநர் தகுதிச் சான்றிதழைப் பெற்றுவிடுவது நல்லது.

பிற்சேர்க்கை: தோட்ட வரைபடத்திற்காக மேலிருந்து படமெடுப்பது பற்றி வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அதற்கு நில அளவைத் துறையான ஜூபெமின் அனுமதியும் வேண்டும். சிஏஏஎம் தரும் கடிதம் அதற்கு ஈடாகாது.