சாரணர் படையில் பிள்ளைகளுக்கு நிஜமான பொறுப்பு கொடுப்பது எப்படி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் நான் பார்த்த வரையில் அணித் தலைவர் என்றால் சட்டைப் பையில் பட்டை, அணிவகுப்பில் முன்வரிசை, ஆகஸ்ட் 15-க்குக் கொடி கட்டுவது, அவ்வளவுதான். மிச்ச வேலையெல்லாம் சார் தலையில். அப்புறம் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை என்று புலம்பல் வேறு.

1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடந்த முதல் முகாமிலேயே, சாரண இயக்கத்தை ஆரம்பித்த பேடன் பவல் பையன்களை நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாக வைத்தார். படையில் இருக்கிற முப்பது பேரையும் ஒரே ஆசிரியர் மேய்ப்பது நாமாக உண்டாக்கிக்கொண்ட வழக்கம்.

சரி, என்ன செய்யலாம்? நீங்கள் இப்போது செய்கிற வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள்: வருகைப் பதிவு, சந்தா, கூடாரச் சாமான், பஸ் நேரம், சமையல் கணக்கு. காட்டெருமை வழியில் நின்றால் என்ன செய்வது, தீ மூட்டலாமா, மழையில் கிளம்பலாமா, இந்த மாதிரி முடிவுகள் உங்களிடமே இருக்கட்டும். மற்றதைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

மலையில் உருப்படியான பதவி எதுவென்று கேட்டால் சாமான் அறைப் பொறுப்பு என்பேன். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இங்கே எதுவும் காயாது. நனைந்த கூடாரத்தை அப்படியே சுருட்டிப் போட்டால் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்து, அடுத்த முகாமில் பிரிக்கும்போதே நாற்றம் தாங்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் அறைச் சாவியையும் ஒரு நோட்டையும் கொடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கிற நேரம் ஆள் திரட்டிக் கூடாரத்தை விரிப்பது, ஈரக் கயிற்றை முடிச்சவிழ்த்துத் தொங்கவிடுவது, முளைக்குச்சி எத்தனை போனது எத்தனை வந்தது என்று எழுதுவது எல்லாம் அந்தப் பிள்ளையின் பாடு. குறைந்தால் நீங்கள் தேடப் போகாதீர்கள், இதுதான் பெரியவர்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

அணிக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர் என்பதால் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று கிடைக்கும். முதலுதவிப் பெட்டி ஒருவருக்கு, சந்தா ஒருவருக்கு, நடைப்பயணத்தில் கடைசி ஆளாக வந்து யாரும் பின்தங்காமல் பார்ப்பது இன்னொருவருக்கு. பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தூரத்தில் ஆள் தெரியாது, அதனால் கடைசி ஆள் வேலையை விளையாட்டாக நினைக்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

மாதம் ஒரு முறையாவது கோர்ட் ஆஃப் ஆனர், அதாவது அணித் தலைவர்கள் உட்கார்ந்து படையின் காரியங்களை முடிவுசெய்கிற கூட்டம், கூட்டுங்கள். அணித் தலைவர்கள் பேசட்டும், அவர்களே குறிப்பும் எழுதட்டும். நீங்கள் ஆலோசகர் மட்டும். அடுத்த நடை கேத்தரின் அருவிக்கா கோடநாட்டுக்கா என்று அவர்கள் முடிவெடுத்த பிறகு 'அதெல்லாம் வேண்டாம்' என்று மாற்றினால் அடுத்த கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். காசோ பாதுகாப்போ இடித்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பத்தாம் வகுப்பு வந்ததும் பெற்றோர் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். அதனால் அணித் தலைவருக்கு ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததுமே அணியின் துணைத் தலைவர் கையில் ஒரு முகாமை முழுசாக ஒப்படைத்துவிடுங்கள், பழைய தலைவர் பக்கத்தில் இருக்கும்போதே.