ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு: நம் கார்க்காரர்கள் அடிக்கடி செய்யும் தவறுகள்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஒரு சின்ன உருவம் எரியும். ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவர் நெஞ்சுக்கு எதிரே ஓர் உருண்டை இருக்கும். சில வண்டிகளில் படத்துக்குப் பதில் எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் வரும். ஐந்தாறு நொடி எரிந்துவிட்டுத் தானாக அணைந்தால், ஏர்பேக் கம்ப்யூட்டர் தன் ஒயர்களையும் சென்சார்களையும் சோதித்துப் பார்த்துவிட்டது, குறையில்லை என்று பொருள். அணையாமல் நின்றாலோ, ஓடும்போது திடீரென எரிந்தாலோ, விட்டுவிட்டு மின்னினாலோ எங்கோ பழுது இருக்கிறது. சாவி போட்டதும் விளக்கு எரியவே இல்லை என்றாலும் பழுதுதான். இந்தக் கடைசி அறிகுறியைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது?

ஆயில் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டுகிறோம். எஞ்சின் சூடு ஏறினால் பானெட்டைத் திறக்கிறோம். ஏர்பேக் விளக்கு எரியும்போது மட்டும் ஓட்டத்தில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. மைலேஜ் குறையாது, பிரேக் பிடிக்கும், ஏ.சி. குளிரும். அதனால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பெரிய தவறு இது.

இன்று மோதினால் பை விரியும் என்று நம்ப முடியாது என்பதைத்தான் அந்த விளக்கு சொல்கிறது. பல வண்டிகளில் ஓர் இடத்தில் சின்னக் குறை தெரிந்தால்கூட மொத்த அமைப்பும் நின்றுவிடக்கூடும். பக்கத்து சீட்டின் ஒயரில் பழுது இருக்க, ஓட்டுபவரின் பை விரியாமல் போகலாம். மோதும் கணத்தில் சீட் பெல்ட்டைச் சட்டென்று இறுக்கும் ப்ரீடென்ஷனரும் இதே அமைப்பைச் சேர்ந்ததுதான், அதுவும் வேலை செய்யாமல் இருக்கலாம். இந்த நிலையில் உறுதியாக மிஞ்சுவது பெல்ட்டின் சாதாரணப் பிடிப்பு மட்டுமே.

விளக்கு எரிந்தபடியே சேலம் நகருக்குள் ஐந்து ரோட்டிலிருந்து கொண்டலாம்பட்டிக்கு ஓட்டிப்போய்ப் பட்டறையில் காட்டுவதில் தவறில்லை. அதே வண்டியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே இறங்கி வருவதையும், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஏற்காடு கோடை விழாவுக்குக் கிளம்புவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலைமேல் இருக்கும்போதே விளக்கு எரிந்துவிட்டால் பதற வேண்டாம். பை தானாக வெடிக்கப்போகிறது என்று அதற்கு அர்த்தமில்லை. பின்சீட்டில் இருப்பவர்கள் உட்பட எல்லோரும் பெல்ட் போட்டு, கியரிலேயே நிதானமாக இறங்கி, கீழே வந்து காட்டினால் போதும்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர்

இந்த விளக்கு எரிய மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. குனிந்து பார்த்தால் மஞ்சள் நிறத்தில் கனெக்டர் தெரியும். இது ஏர்பேக் ஒயர், தொடாதே என்று மெக்கானிக்குக்குக் காட்டவே அந்த மஞ்சள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போதெல்லாம் அந்த ஒயர் கொஞ்சம் இழுபடும். போதாததற்கு அந்த இடத்தை நாம் கிடங்காக்கி வைத்திருக்கிறோம்: தண்ணீர் பாட்டில், குடை, கழற்றிப்போட்ட செருப்பு, ஏற்காட்டில் வாங்கிய மிளகும் காபித்தூளும். சீட்டைப் பின்னால் தள்ளும்போது இதில் ஏதாவது ஒன்று கனெக்டரில் இடித்தால் தொடர்பு தளர்ந்துவிடும். சீட்டுக்கு அடியை எப்போதும் காலியாக வையுங்கள். எந்த வீட்டிலும் செய்யக்கூடிய, காசே செலவாகாத தடுப்பு இது.

உட்புறம் சுத்தம் செய்யக் கொடுக்கும்போதும் இதே இடத்தில்தான் வினை வருகிறது. சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பாட்டுக் கேட்கவோ கண்ணாடியை இறக்கவோ ஒரு பையன் சாவியைத் திருப்புகிறான். கனெக்டர் கழன்றிருப்பதைக் கம்ப்யூட்டர் அந்த நொடியே பழுது என்று எழுதிக்கொள்கிறது. பிறகு சீட்டை ஒழுங்காக மாட்டினாலும் பல வண்டிகளில் விளக்கு தானாக அணையாது, ஸ்கேனர் வைத்துத்தான் நீக்க வேண்டும். வண்டியைக் கொடுக்கும்போதே "சீட்டைக் கழட்டினா மாட்டி முடிக்கிற வரைக்கும் சாவி போடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பம்பரில் அடிபட்டு டிங்கரிங் பட்டறைக்குப் போன வண்டியிலும் இப்படி நடக்கும். முன்பக்க மோதல் சென்சாரின் கனெக்டரைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள்.

சேர்வராயன் மலையில் எஸ்டேட் வீடுகளில் வண்டியை இரவெல்லாம் மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு எலித் தொல்லை தெரிந்ததுதான். எலி கடித்த இடத்தில் சாதாரண ஒயர்போல முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது ஏர்பேக் ஒயருக்கு ஆகவே ஆகாது. ஒயரின் மின்தடையில், அதாவது ஓம் கணக்கில், சின்ன மாற்றம் வந்தாலும் கம்ப்யூட்டர் அதைப் பழுதாகத்தான் பார்க்கும். கம்பெனி சொல்லும் முறையில் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் அந்த ஒயரிங் பகுதியையே மாற்ற வேண்டும்.

மழைத் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். பல கார்களில் ஏர்பேக் கம்ப்யூட்டர் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே, கியர் லீவரையொட்டித் தரையில் திருகப்பட்டிருக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். அதுபோன்ற மழையில் வண்டிக்குள் தண்ணீர் புகுந்து கார்ப்பெட் நனைந்திருந்தால், மேலே துடைத்துவிட்டு ஓட்டாதீர்கள். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் காயவைத்து, கனெக்டர்களில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஹாரனும் சேர்ந்து நின்றுவிட்டால்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஹாரன் அடித்தபடிதான் ஏறுகிறோம். ஒருநாள் ஹாரன் சத்தம் வராமல், ஸ்டீயரிங்கில் இருக்கும் பாட்டுப் பொத்தான்களும் வேலை செய்யாமல், ஏர்பேக் விளக்கும் எரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது க்ளாக் ஸ்பிரிங்கை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இஞ்ச் டேப் சுருள்போலச் சுற்றிவைத்த தட்டையான ஒயர் அது. ஸ்டீயரிங் எத்தனை சுற்று சுற்றினாலும் ஒயர் முறுக்கிக்கொள்ளாமல் ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்தொடர்பைக் கொண்டுபோவது அதுதான்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஹாரன் பழுது என்று எண்ணி ரிலே, ஃப்யூஸ், ஹாரன் என்று வரிசையாக மாற்றிக் காசைக் கரைப்பது ஒன்று. மற்றது இன்னும் மோசம். ஸ்டீயரிங் பாக்ஸ் வேலைக்காகக் கழற்றும்போது சக்கரங்களையும் ஸ்டீயரிங்கையும் நேராக வைத்துப் பூட்டாமல், ஸ்டீயரிங்கை இஷ்டத்துக்குச் சுழலவிடுவது. நடுநிலை தப்பிய க்ளாக் ஸ்பிரிங், வண்டி வெளியே போய் முதல் பெரிய வளைவில் முழுதாகத் திரும்பும்போது இழுபட்டு அறுந்துவிடும். ஸ்டீயரிங் வேலை முடிந்து ஓரிரு நாளில் விளக்கு எரிந்தால், அந்தப் பட்டறையிலேயே போய்க் கேளுங்கள். அதிலும் மலைப்பாதையில் ஹாரன் இல்லாமல் ஏறுவதே தனி ஆபத்து என்பதால் இந்தப் பழுதை ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது.

கை வைக்கக் கூடாத இடம்

பேட்டரி பலவீனமானாலும் இந்த விளக்கு எரிவதுண்டு. அதனால் பேட்டரியைப் பார்ப்பது நல்ல தொடக்கம். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்ற வைத்தியம் மட்டும் வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் பழுதுக் குறியீடு கம்ப்யூட்டரின் நினைவில் அப்படியே இருக்கும்.

மல்டிமீட்டரை எடுத்துப் பையின் ஒயரில் வைத்து ஓம் பார்ப்பதை யாரும் செய்யாதீர்கள், அனுபவப்பட்ட எலக்ட்ரீஷியனாக இருந்தாலும் சரி. பைக்குள் இருப்பது பட்டாசுபோல எரியும் மருந்து. மீட்டர் அனுப்பும் சிறிய மின்சாரமே அதைப் பற்றவைக்கக்கூடும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் கம்ப்யூட்டரின் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும். மோதலில் பேட்டரி நொறுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அதைக்கூடப் பார்க்காமல் மஞ்சள் கனெக்டரை இழுப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஆன்லைனில் கிடைக்கும் மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். அதில் ஒன்றும் காட்டவில்லை என்பதால் ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்றாகாது. ஏர்பேக் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் வேண்டும். பட்டறையில் கேட்க வேண்டியதும் குறியீட்டைத்தான். குறியீடு எந்த மின்சுற்றில் பழுது என்று காட்டுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. கனெக்டரையும் ஒயரையும் பார்க்காமல் நேரே விலை உயர்ந்த ஏர்பேக் மாட்யூலை மாற்றச் சொன்னால், இன்னொரு இடத்தில் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

விளக்கை மட்டும் அணைப்பவர்கள்

"சும்மா சென்சார் பிரச்சினைங்க, லைட்டை மட்டும் அணைச்சுக் குடுத்துடறேன்." இப்படிச் சொல்பவரிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பை இருக்க வேண்டிய இடத்தில் ரெசிஸ்டர் என்ற சின்ன மின்தடைத் துண்டை வைத்தால் கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும். பல்பைக் கழற்றினாலோ, வேறொரு விளக்கோடு சேர்த்துவிட்டாலோ பார்ப்பவர் ஏமாந்துவிடுவார். செலவு சில நூறு ரூபாய்தான். அந்த வண்டியில் உட்காரும் மனைவிக்கும் பிள்ளைக்கும் அது செய்வது துரோகம். இதை இதைவிட மென்மையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த ஏமாற்று வேலை அதிகம் ஒளிந்திருப்பது செகண்ட்ஸ் வண்டிகளில். இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம், 2021இல் முன்சீட்டுப் பயணிக்கும் கட்டாயமாயிற்று. மோதி விரிந்துபோன பைகளை மாற்றச் செலவாகும் என்பதால், டேஷ்போர்டை மட்டும் ஒட்டி மூடி விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் முன் எஞ்சின் ஓடாத நிலையில் சாவியை ஆன் செய்து, ஏர்பேக் விளக்கு மற்ற விளக்குகளோடு சேராமல் தனக்குரிய நேரத்தில் அணைகிறதா என்று பாருங்கள். பயணி பக்க டேஷ்போர்டின் நிறமும் சொரசொரப்பும் ஒரே சீராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தாலும் ரெசிஸ்டர் ஏமாற்று தெரியாது, ஆகவே நம்பகமான பட்டறையில் திறந்து பார்க்கச் சொல்வது நல்லது.

விளக்கு எரியாமலே வரும் ஆபத்தும் உண்டு. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த, பையை ஊதவைக்கும் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள் பல ஆண்டு வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளை வீசக்கூடும் என்பதால் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவிலும் பல வண்டிகள் அழைக்கப்பட்டன. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ரீகால், அதாவது திரும்பப் பெறும் அறிவிப்பு, இருந்தால் மாற்றித் தருவது இலவசம்.

பை விரியும் இடத்தை அடைப்பது

சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்ன துணிச்சீட்டு தைத்திருந்தால், அங்கே இறுக்கமான சீட் கவர் போடக் கூடாது. முன்னால் இரும்புக் கம்பி வேலி கட்டினால் மோதலின் வேகம் சென்சாரைப் போய்ச் சேரும் விதமே மாறிவிடும். அதை மத்திய அரசும் 2017இல் தடை செய்தது. பயணி பக்க டேஷ்போர்டின் மேல் பிள்ளையாரையோ முருகனையோ ஒட்டிவைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பை விரிய ஒரு நொடியில் ஏறக்குறைய 30இல் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்த வேகத்தில் சிலை நேராக முகத்துக்கு வரும். சாமியை ஸ்டீயரிங்குக்கும் பயணி பையின் மூடிக்கும் நடுவே உள்ள இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை சீட்டை ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

பணக் கணக்கும் ஒன்று இருக்கிறது. சாதாரண முழுக் காப்பீட்டில் ஏர்பேக்குக்கு 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள், மீதிதான் உங்களுக்குக் கிடைக்கும். விபத்துக்குப் பிறகு பை, ப்ரீடென்ஷனர், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து பில் பெரிதாகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது, ரெசிஸ்டர் வைக்கும் ஆசையும் அப்போதுதான் வருகிறது. பாலிசியைப் புதுப்பிக்கும்போது தேய்மானம் பிடிக்காத ஜீரோ டெப் சேர்த்தால் எவ்வளவு கூடும், அதில் ஏர்பேக் அடங்குமா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.