சராசரியை வைத்து மொடல் கட்டாதீர்கள்: சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேர் மடிக்கணினியோடு திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் துறைமுகச் சரக்கை ஏற்றிப்போகும் லொறிகளின் வரிசையைச் சிமுலேஷன் செய்கிறார், அதாவது கணினிக்குள் மொடலாகக் கட்டி ஓட்டிப் பார்க்கிறார். மற்றவருடைய வேலை பல் ஸ்கான். உலோகக் கிரீடம் பொருத்திய பல்லைச் சுற்றிப் படத்தில் விழுகிற கறுப்புக் கோடுகளைக் குறைக்கப் பார்க்கிறார். ஒருவருக்கு மற்றவருடைய பாடம் ஒரு சொட்டும் தெரியாது. ஆனால் இரண்டு மொடலிலும் இருந்தது ஒரே பிழை. பல வருசத்துக்கு முன் நான் விட்ட அதே பிழை.

நிமிடத்தையும் மணித்தியாலத்தையும் குழப்புவது, நிரலில் ஒரு வரியை மாற்றிவிட்டு மறந்துபோவது போன்றவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவை இரண்டு நாளில் தாமாகவே காட்டிக்கொடுக்கும். வெளியே தெரியாமல் இருந்து, கொங்கிரீட் போட்ட பிறகு தலையைக் காட்டுகிற பிழைகள்தான் என் கவலை.

சராசரியைப் போட்டுவிட்டுச் சிமுலேஷன் என்று சொல்வது

திருகோணமலை கொழும்பைப் போலக் கொள்கலன் அடுக்கிய துறைமுகம் இல்லை. இங்கே பெரும்பாலும் கோதுமை, சீமெந்துக்கான கிளிங்கர், எரிபொருள் என்று மொத்தமாக வருகிற சரக்குத்தான். கப்பல் ஆயிரக்கணக்கான தொன்னை ஒரே தடவையில் கொண்டுவந்து கொட்டும். அந்தச் சரக்கு ஊரைவிட்டுப் போவது லொறி லொறியாக, கந்தளாய், ஹபறணை வழியாக. ஆகவே இங்கே நெரிசல் கடலில் குறைவு, கரையில் அதிகம்.

அப்படிச் சரக்கு ஏற்றி அனுப்புகிற ஒரு களஞ்சியத்துக்குத்தான் நான் முதன்முதலாக மொடல் செய்து கொடுத்தேன். கேள்வி சின்னது: லொறி ஏற்றும் இடம் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? பழைய கணக்குப் புத்தகங்களைப் பார்த்தேன். சராசரியாக மணித்தியாலத்துக்கு ஒரு லொறி வருகிறது. ஒன்றை ஏற்றி முடிக்கச் சராசரியாக 50 நிமிடம். இரண்டு எண்ணையும் அப்படியே மொடலில் போட்டேன். லொறி வந்தது, 50 நிமிடத்தில் ஏற்றினார்கள், 10 நிமிடம் நாட்டாமைமார் இளைப்பாறினார்கள், அடுத்த லொறி வந்தது. ஒரு வருசத்துக்கு ஓடவிட்டேன். காத்திருப்பு நேரம்: பூச்சியம். ஒன்று போதும் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஒரு ஏற்றுமிடத்தோடு கட்டடம் எழும்பியது. திறந்த இரண்டாம் கிழமையே கேட்டுக்கு வெளியே லொறி வரிசை. நான்கு நிற்கும், சில நாளில் ஏழு எட்டு நிற்கும். வாடகை லொறிக்காரர்கள் காத்துக்கிடந்த நேரத்துக்கும் காசு கேட்டார்கள். அதைக் கொடுக்க மறுத்தபோது சிலர் வேறு இடத்துக்கு ஓடப் போய்விட்டார்கள். கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு சாரதி நானா, வயது அறுபதுக்கு மேல், வரிசையில் நின்றபடியே என்னிடம் சொன்னார்: “தம்பி, நீங்க சொல்ற மாதிரி மணித்தியாலத்துக்கு ஒண்டு எண்டு லொறி வராது. வந்தா நாலும் ஒண்டா வரும், இல்லாட்டி ஒண்டும் வராது.” காத்திருப்பைக் கணக்கிடும் கணிதமான வரிசைக் கோட்பாட்டில் நான் படித்தது முழுவதும் அந்த இரண்டு வசனத்துக்குள் இருந்தது. கட்டடம் எழும்ப முதல் அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பது இன்றைக்கும் மனதை அரிக்கிறது.

அறைக்குப் போய்த் திரும்பக் கணக்குப் போட்டேன். சராசரிகள் இரண்டும் அதேதான், 60 நிமிடமும் 50 நிமிடமும். லொறி வருகிற நேரத்தை மட்டும் ஒழுங்கில்லாமல் தற்செயலாக வரவிட்டேன். சராசரிக் காத்திருப்பு பூச்சியத்திலிருந்து 125 நிமிடமாகிவிட்டது. ஏற்றுகிற நேரமும் அதேபோல் ஏறி இறங்கினால், வரிசைக் கோட்பாட்டின் மிக எளிமையான சூத்திரம் சொல்வது 250 நிமிடம். நான்கு மணித்தியாலத்துக்கும் மேல்! ஜோன் லிட்டில் என்பவர் 1961இல் நிறுவிய விதி ஒன்று இருக்கிறது: வருகை வீதத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வரிசையில் சராசரியாக எத்தனை பேர் நிற்பார்கள் என்று வரும். மணித்தியாலத்துக்கு ஒன்று, நான்கு மணித்தியாலம். ஆக நான்கு லொறி. கேட்டுக்கு வெளியே நான் கண்ணால் எண்ணிய அதே நான்கு.

காரணம் இதுதான். காலையில் லொறி வராமல் ஏற்றுமிடம் 40 நிமிடம் சும்மா கிடந்தால் அந்த 40 நிமிடத்தைச் சேமித்து வைத்துப் பின்னேரம் பாவிக்க முடியாது. அது போனது போனதுதான். பின்னேரம் நான்கு லொறி சேர்ந்து வந்தால் அந்த நெரிசல் மட்டும் கரையாமல் நிற்கும். சராசரி இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துக் காட்டுகிறது. களஞ்சியத்தில் அவை கழிவதில்லை.

மனம் ஆறாமல் இன்னும் இரண்டு கணக்குப் பார்த்தேன். ஏற்றும் நேரத்தை 50இலிருந்து 45 நிமிடமாக, வெறும் ஐந்து நிமிடம் குறைத்தால், 250 நிமிடக் காத்திருப்பு 135 ஆகிறது. இரண்டாவது ஏற்றுமிடம் இருந்தால் சுமார் பத்தரை நிமிடம். திரும்பவும் வாசியுங்கள்: 250இலிருந்து பத்தரை. அந்த இரண்டாவது இடத்தைத்தான் நான் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். பிறகு அவர்கள் கூரையைக் கழற்றி, வடிகானை உடைத்து, முதலிலேயே செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட எவ்வளவோ கூடக் கொடுத்து அதைக் கட்டினார்கள். என்னை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

லொறி மாணவரின் மொடலிலும் இதே சராசரிதான் இருந்தது. இப்போது பல் ஸ்கான் மாணவரிடம் வருவோம். பல் வைத்தியர்கள் பாவிக்கும் சிபிசிடி இயந்திரம் தலையைச் சுற்றிப் பல கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து, அவற்றைச் சேர்த்து முப்பரிமாணப் படம் கட்டும். அதன் எக்ஸ்ரேக் குழாய் ஒரே சக்தியுள்ள கதிரை அனுப்புவதில்லை. சக்தி குறைந்த மென்மையான கதிர், சக்தி கூடிய வன்மையான கதிர் எல்லாம் கலந்துதான் வரும். மென்மையானவை உலோகத்தில் முதலில் உறிஞ்சப்பட்டுவிடும். மிஞ்சுகிறவை வன்மையானவை என்பதால், உலோகத்துக்குள் போகப்போகக் கதிர் முன்னையைவிடச் சுலபமாக ஊடுருவும். இந்த மாணவர் எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரேயொரு சராசரிச் சக்தியைப் போட்டிருந்தார்.

கணக்குக்காக இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். 100 கதிரில் பாதி மென்மை, பாதி வன்மை. ஓர் உலோகத் தகடு மென்மையானதில் 10 சதவீதத்தையும் வன்மையானதில் 50 சதவீதத்தையும் கடக்கவிடும். முதல் தகட்டுக்கு அப்பால் 5உம் 25உம், மொத்தம் 30. இரண்டாவது தகட்டுக்கு அப்பால் அரையும் பன்னிரண்டரையும், மொத்தம் 13. சராசரியாக 30 சதவீதம் என்று போட்டவருக்கு இரண்டாவது தகட்டுக்குப் பின் 9தான் வரும். உண்மையில் வந்த 13ஐப் பார்த்து, ஒரே சக்தியை நம்பும் கணினி உலோகம் இருப்பதைவிட மெல்லியது என்று எடுத்துக்கொள்ளும். வேறு வேறு கோணத்தில் எடுத்த படங்கள் அதனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகா. அந்தப் பொருந்தாமைதான் இரண்டு கிரீடங்களுக்கு நடுவில் கறுப்புப் பட்டையாக விழுகிறது.

சராசரிச் சக்தியில் இந்தப் பொருந்தாமையே பிறக்காது. ஆகவே அவருடைய படத்தில் கோடு வரவில்லை. தான் எழுதிய திருத்தும் முறைதான் கோட்டை அழித்தது என்று அவர் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தார். அழிப்பதற்கு அங்கே கோடே இருக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காகிதத்தில் மேலே உள்ள கணக்கைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு “அப்ப அண்ணா, மூண்டு மாச வேலை?” என்று கேட்டார். மூன்று மாதத்தோடு போனது நல்லது, கூரை கழற்ற வேண்டி வரவில்லை என்றேன்.

ஆகவே தரவு கையில் வந்ததும் சராசரியை எடுக்க முதல் எல்லாப் பெறுமானங்களையும் வரைந்து பாருங்கள். எது எவ்வளவு ஏறி இறங்குகிறது, எது எதோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். லொறியானாலும் சரி, கதிரானாலும் சரி, அந்தப் பரம்பலை மொடலுக்குள் போடுங்கள்.

மழையைச் சதவீதமாகப் போடுவது

இதுவும் முன்னையதன் தம்பிதான். மாரி காலத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம் மழையால் வேலை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே எல்லா வேலை நேரத்தையும் பத்து வீதம் கூட்டிவிடுகிறார்கள். கோதுமைக் கப்பலில் மழை தொட்டதும் சரக்கறையின் மூடியை மூடிவிட வேண்டும். நனைந்தால் தானியம் பழுதாகிவிடும். வாடைக்காற்றோடு அடைமழை பிடித்தால் அரை நாள் முழுவதும் ஒரு கோதுமை மணிகூட இறங்காது. அந்த நேரமும் லொறிகள் வந்துகொண்டுதான் இருக்கும். ஆறு மணித்தியாலம் ஒரேயடியாக நிற்பதும், ஒவ்வொரு மணித்தியாலத்திலும் ஆறு நிமிடம் நிற்பதும் ஒன்றல்ல. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஒரு மொடல், மற்ற மாதங்களுக்கு வேறொரு மொடல் வைத்திருங்கள். வருசத்துக்கே ஒன்று என்று வைத்தால் இரண்டு காலத்துக்கும் பொருந்தாது.

ஒரே ஓட்டத்தை முடிவாகச் சொல்வது

தற்செயல் எண்ணைப் பாவித்த மொடலை ஒருமுறை ஓட்டிவிட்டு வருகிற விடை, தாயக்கட்டையை ஒருமுறை உருட்டியது போல. தற்செயல் எண்களைத் தொடக்கிவிடும் எண்ணை மாற்றி மாற்றி முப்பது தடவையாவது ஓட்டி, விடைகள் எவ்வளவு அகலத்துக்குப் பரந்திருக்கின்றன என்பதையும் எழுதுங்கள். அந்த விடைகளின் சராசரியில் உள்ள நிச்சயமின்மையைப் பாதியாக்க வேண்டுமென்றால் ஓட்டங்கள் நான்கு மடங்கு வேண்டும். அதற்குக் கணினிக்கு ஓர் இரவு போதும்.

அசையும் படத்தைக் காட்டிச் சம்மதம் வாங்குவது

செய்யாதீர்கள். படத்தில் லொறி அழகாகத் திரும்பினால் எண்ணும் சரியென்று முதலாளி நம்பிவிடுவார்.

ஏற்றுமிடம் ஒரு நிமிடமும் சும்மா இருக்கக்கூடாது என்று நினைப்பது

பயன்பாடு நூறு வீதத்தை நெருங்க நெருங்க வரிசைக்கு முடிவே இல்லை.

ஸ்கானின் சாம்பல் நிறத்தை எலும்பின் அடர்த்தி என்று வாசிப்பது

வைத்தியசாலையின் பெரிய சிடி இயந்திரத்தில் ஹவுன்ஸ்பீல்ட் அலகு என்று ஒன்று உண்டு: தண்ணீர் 0, காற்று -1000. அதே எண்ணைச் சிபிசிடி படத்திலும் எதிர்பார்த்து, தாடை எலும்பின் வலிமையைக் கணிக்கும் மொடலுக்குள் நேரே போடுகிறார்கள். சிதறும் கதிர் அதிகம் என்பதாலும் தாடையின் ஒரு பகுதி மட்டுமே படத்தில் விழுவதாலும் அந்த எண் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், ஒரே படத்துக்குள்ளும் இடத்துக்கு இடம் மாறும். அடர்த்தி தெரிந்த மாதிரிப் பொருள் ஒன்றை அதே இயந்திரத்தில் படமெடுத்து அளவு திருத்தாமல் அந்த எண்ணைத் தொடாதீர்கள். உள்வைப்புப் பல்லுக்குத் துளை போடப்போகிறவர் உங்கள் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

மொடலைப் பழக்கிய தரவிலேயே அதைச் சோதிப்பது

விடையைக் காட்டிவிட்டுப் பரீட்சை வைப்பதற்குச் சமம்.

கேட் புத்தகத்தை அப்படியே நம்புவது

லொறி மாணவரின் தரவு முழுவதும் கேட் காவலாளியின் புத்தகத்திலிருந்து எடுத்தது. நேரம், இலக்கத்தகடு எல்லாம் நேர்த்தியாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் காவலாளி நேரத்தை எழுதுவது லொறி கேட்டுக்குள் நுழையும்போது. லொறி வந்து வெளியே நின்ற நேரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கேட் ஆறு மணிக்குத் திறக்கும். தூர இடத்து லொறிகள் அதிகாலை மூன்று மணிக்கே வந்து வீதியோரம் நிற்கும், சாரதிகள் உள்ளே படுத்திருப்பார்கள். மாணவரின் மொடலில் ஆறு மணிக்கு வரிசை வெறுமையாகத் தொடங்குகிறது. உண்மையில் அப்போதே பத்து லொறி நிற்கும். அதோடு, ஏற்றுமிடம் எவ்வளவு வேகமாக விடுவிக்கிறதோ அவ்வளவு வேகத்தில்தான் கேட் உள்ளே விடும். ஆகவே அவர் வருகை வீதம் என்று அளந்தது ஏற்றும் வீதத்தைத்தான்.

இதை அறையிலிருந்து திருத்த வழியில்லை. திங்கட்கிழமை அதிகாலை இரண்டரைக்குக் கொப்பியும் டோர்ச்சும் கொண்டுபோய்க் கேட்டுக்கு வெளியே நிற்பதென்று மூன்று பேரும் பேசியிருக்கிறோம். பல் ஸ்கான் மாணவரும் வருகிறேன் என்கிறார். தேத்தண்ணிப் போத்தல் என் பொறுப்பு.